வில்லனுக்கு ஒரு பீஸ் கட்டை

பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு வேணி விண்வெளியில் ஒருவனைக் கொன்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் அந்த ஒரு மணி நேரம்தான் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய்ந்திருக்கும். பட்டுப்புடவைக்குள் தலையை விட்டுப் பேசினால் எதிரொலி வராது என்பது அவளே கண்டுபிடித்த வித்தை. கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவை பத்து வருடமாக வேறு எதற்கும் ஆகாமல் கிடந்தது. இதற்காவது ஆகட்டுமே.

"பக்கத்து ரூமு காலி, மக்களே. வெறும் டப்பாதான் அடுக்கி வச்சிருக்கு. அதத் தொறந்து விட்டிருந்தா விஷக்காத்து அப்படியே வெளிய போயிருக்கும், கப்பலும் பொழைச்சிருக்கும். ஆனா நம்மாளு அதத் தொறக்கல. கூட்டாளி தூங்கினு கீற ரூமத் தொறந்துட்டான்."

வெளிநாட்டு விஞ்ஞானப் படங்களைப் பதினைந்து நிமிடத்தில் தமிழில் சொல்லி முடிப்பது அவள் சேனல். 'வேணி சொல்ற படம்' என்று பெயர். தொண்ணூறாயிரம் பேர் கேட்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் விழுப்புரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பாள். வருகிறவர் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, லென்ஸ் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். ஏழாவது நாள் பீரோ. வெளிநாட்டுப் பெயர் ஒன்றுகூட அவள் வாயில் வராது. கப்பல் தலைவன் அவளுக்கு நாட்டாமை. இயந்திர மனிதன் மாப்பிள்ளை, சொன்னதைக் கேட்கிற மாதிரி நடிப்பதால். வில்லன் எந்தப் படத்தில் வந்தாலும் 'நம்மாளு'.

இன்னொரு வழக்கமும் உண்டு. காரணம் இல்லாமல் எந்த வில்லனையும் அவள் அனுப்பி வைக்க மாட்டாள். படம் சொன்னால் சொல்லும். சொல்லாவிட்டால் வேணி சொல்லுவாள். சின்ன வயதில் அம்மா விட்டுப் போயிருப்பாள், பள்ளிக்கூடத்தில் எவனாவது அவமானப்படுத்தியிருப்பான், ஏதாவது ஒன்று. குழம்பில் உப்பில்லை என்றால் உப்பைப் போடுவதா, சமைத்தவளைத் தேடிக்கொண்டு ஓடுவதா என்று கேட்பாள். கேட்கிறவர்களுக்கும் அதுதான் பிடித்தது. 'அக்கா சொன்னப்புறம்தான் படமே புரிஞ்சுது' என்று வாரம் நூறு பேராவது எழுதினார்கள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கிற பழக்கம் இல்லை.

இந்தப் படம் அவளைக் கடுப்பேற்றியது. இரண்டே கால் மணி நேரம் ஓடுகிறது. நம்மாளு காலி அறையை விட்டுக் கூட்டாளியின் அறையை ஏன் திறந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசிக் காட்சியில் அவன் முகத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டு முடித்துவிட்டார்கள். வேணி அந்த முகத்தைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. யோசிக்கவே இல்லை, வாய் தானாகப் பேசிக்கொண்டு போனது.

"ஏன் தொறந்தான்? நான் சொல்றேன் கேளுங்க. அந்தக் கூட்டாளி வேற யாரும் இல்ல, இவனுக்கு அண்ணங்காரன். ரெண்டு பேருக்கும் பொதுவுல ஒரே தண்ணித் தொட்டி, ஒரே மோட்டாரு. ஒரு நாளு எதுலயோ பேச்சு தடிச்சிப் போயி, அண்ணங்காரன் மோட்டார் பீஸ் கட்டையப் புடுங்கி எடுத்துனு போயிட்டான். அது இல்லாம கரண்டு வராது, மோட்டாரு ஓடாது. மூணு நாளு. தம்பி வச்ச செடியெல்லாம் கண்ணு முன்னாடி காயுது. அவன் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. அன்னிக்கி மனசுல வச்சிக்கினான் பாருங்க, இன்னிக்கி கதவத் தொறந்துட்டான்."

பீரோவிலிருந்து தலையை எடுத்தபோது வாசலில் அவள் கணவன் செல்வகுமார் கையில் டீயோடு நின்றிருந்தான்.

"விண்வெளிக் கப்பல்ல பீஸ் கட்டை ஏது?" என்றான்.

"இல்ல. நான் வர வச்சேன்."

"அது உங்க ஊரு மோட்டார் கொட்டா கதையாச்சே."

"இருந்தா இன்னா? எவனுக்குத் தெரியப் போவுது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

புதன்கிழமை ஏற்றினாள். சனிக்கிழமைக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். அவள் சேனலில் இதுவரை எந்தப் படமும் அந்தத் தூரம் போனதில்லை. 'மூணு நாளு கேக்காம இருந்தான் பாருங்க, அங்க அழுதுட்டேன்' என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இயக்குநருக்கே இது தோன்றியிருக்காது என்று இன்னொருவர். வேணி ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை விழுப்புரம் பாசஞ்சரில் மயிலம் தாண்டியதும் அம்மா கூப்பிட்டாள். கோவிந்தம்மாள் போனில் ஹலோ சொல்கிற வழக்கமில்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"நேத்து உங்க பெரியப்பா வரல."

வேணிக்கு அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை என்ன நாள் என்பது நினைவுக்கு வந்தது. பெரியப்பா ஏழுமலையின் மகள் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் பக்கத்தில் பத்திரிகை அடித்ததும் முதல் தட்டு பங்காளி வீட்டுக்குத்தான் போக வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை, பெண்ணைப் பெற்றவன் தானே கையில் எடுத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகாது, ஆள் அனுப்பினால் அழைத்ததாகாது. அந்தத் தட்டு வராவிட்டால் பெண்ணுக்குச் சித்தப்பனான வேணியின் அப்பா பந்தலுக்குள் கால் வைக்க முடியாது. ஒன்பது வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்த அண்ணன், போன மாதம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருகிறேன் என்று.

"உங்கப்பா விடியக்காத்தாலயே வெள்ள வேட்டி கட்டிக்கினு ஒக்காந்துக்கினாரு. வடை சுட்டேன், பாயசம் வச்சேன். மூணு மணி வரிக்கும் சாப்புடல. அப்புறம் வேட்டிய அவுத்து மடிச்சி வச்சிட்டு ஏரிக்குப் போயிட்டாரு."

"ஏன் வரலியாம்?"

"நீ பேசினத ஊரே போன்ல போட்டுக் கேட்டுக்கினு கீது. 'சீனுவாசன் வன்மத்துலதான் ஏரிக்கரைய வெட்டினான், பெத்த மவளே சொல்லிட்டா'ன்னு டீக்கடையில பேசறாங்க. உனக்கு வேற கதையே கெடைக்கலியாடி?"

ரயில் பேரணியில் நின்றது. காய்கறிக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறி அவளை நகரச் சொன்னாள். வேணி நகர்ந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போதாதென்று அப்பா தலையிலும் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கோடையில், பொதுக் கிணற்று மோட்டாரின் பீஸ் கட்டையைப் பெரியப்பா பிடுங்கிக்கொண்டு போனார். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பூவெடுத்த நிலக்கடலை, அங்கே மல்லாட்டை என்பார்கள், மூன்று நாள் தண்ணீரில்லாமல் சுருண்டது. அண்ணன் கொண்டுவந்து கொடுப்பார் என்று அப்பா காத்திருந்தார். நாலாம் நாள் திண்டிவனத்தில் புதுசு வாங்கிப் போட்டார். அதோடு அது முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதே வருடம் கார்த்திகை மழையில் ஏரி ததும்பி நின்றது. ஒரு விடிகாலை அப்பா மண்வெட்டியால் ஏரிக்கரையை வெட்டிவிட்டார். தண்ணீர் நேராகப் பெரியப்பாவின் நெல்லில் பாய்ந்தது. கொட்டகையில் கட்டியிருந்த கறவை மாடு இரண்டும் கயிற்றோடு செத்தன. நூறடி தள்ளி வெட்டியிருந்தால் தண்ணீர் புறம்போக்கில் போயிருக்கும். பஞ்சாயத்தில் ஏன் அங்கே வெட்டினாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. பீஸ் கட்டையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்த மாட்டைப் பார்த்தவர்களுக்குக் காய்ந்த மல்லாட்டை மறந்துபோனது. அன்றிலிருந்து ஊருக்கு அவர் கரையை வெட்டினவர், அவ்வளவுதான்.

வேணி அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. விழுப்புரத்தில் இறங்கி, தனக்கு வயிற்றுவலி என்று ஓனருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஏறினாள். அழவில்லை. அழுகிறவள் இல்லை அவள். செய்தது தப்பு, சரி, அதை எப்படி நிமிர்த்துவது என்றுதான் வழியெல்லாம் யோசித்தாள். ஒரு வழி தெரிந்தது. அப்பா உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். அதை ஒரு வீடியோவாகப் போட்டு, ஊர் வாயை அடைத்து, பெரியப்பாவின் கையில் தட்டைக் கொடுத்து நடக்க வைத்துவிடலாம். காரணம் இல்லாமலா இருக்கும்?

அப்பா மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து உடைந்த குழாய்க்குச் சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, லீவா?" என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் பேசினதக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லாதான் சொல்ற. அந்தக் கப்பலு கதவு தெறக்கற சத்தத்த வாயாலயே போட்ட பாரு."

"அப்பா."

"இன்னா?"

"ஏன் அங்க வெட்டுனீங்க?"

சீனுவாசன் ட்யூப்பின் முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். ஏரிப்பக்கம் பார்த்தார். கரையில் அவர் வெட்டின இடத்தில் பிறகு அடைத்த மண் இன்னும் வேறு நிறமாகத் தெரிந்தது.

"அன்னிக்கி கரை மேல நின்னப்ப அந்தாண்ட ஏரிக்கோடி தெரிஞ்சுது. இருளருங்க குடிசை இருவது இருக்கும். அதுல சின்னபொண்ணுன்னு ஒருத்தி கைப்புள்ளைய இடுப்புல வச்சிக்கினு தண்ணியவே பாத்துக்கினு நிக்கறா. இன்னும் அரை அடி ஏறினா மொதல்ல அங்கதான் போவும். இந்தாண்ட எங்கண்ணன் நெல்லு தெரிஞ்சுது, பச்சப் பசேல்னு. அதப் பாத்ததும் என் மல்லாட்ட ஞாபகம் வந்துது. எல்லாம் ஒண்ணாதான் பாப்பா வந்துது. மம்முட்டியப் போட்டுட்டேன்."

"குடிசைங்களுக்காக வெட்டுனேன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா அது பாதி பொய்யி."

"நூறடி தள்ளி வெட்டியிருக்கலாமில்ல?"

"அங்க கரை கெட்டி. வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆவும்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, நெஜமாவே ஆவுமா?"

"நெனச்சேன்," என்றார். முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாடு கட்டியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெட்டாம இருந்திருப்பனான்னு தெனம் கேட்டுக்கறேன். ஒரு நாளு இருந்திருப்பேன்னு வருது, ஒரு நாளு வரல."

வேணி ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் இதுவா அதுவா என்று கேட்கிறவள். இரண்டு சில்லிலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் அவளுக்குப் பொறுமை இருந்ததில்லை, சரியாகப் பாருங்க என்று அதட்டுவாள். இப்போது அப்பாவை அவள் அதட்டவில்லை. ஒன்பது வருடமாக இந்த மனுஷன் ஏதோ ஒரு காரணத்தை மறைத்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள். அவரிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. இரண்டு காரணம் இருந்தது, எது முன்னால் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நல்லவன் என்று பேர் வாங்குவது ஒரு வாக்கியத்தில் முடிகிற வேலை. அதைச் சொல்லாமல் டீக்கடைப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். அவளுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

"நீ சொன்னதும் தப்பில்ல," என்றார் அப்பா. "அதுவும் இருந்துது. அது மட்டும்தான் இருந்துதுன்னு சொன்ன பாரு, அதுதான்."

அங்கேயே, மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பேசினாள். பட்டுப்புடவை இல்லாததால் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. மோதட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மக்களே, வேணி பேசறேன். போன வாரம் சொன்ன படத்துல நம்மாளு அண்ணன், பீஸ் கட்டை, மூணு நாளு, இது ஒண்ணும் அந்தப் படத்துல கெடையாது. நானா போட்டது. அவன் ஏன் அந்தக் கதவத் தொறந்தான்னு படம் சொல்லல. எனக்கும் தெரியாது. அவன் மூஞ்சிய ஒரு நிமிஷம் காட்டறாங்க, அதப் பாருங்க. அவனுக்கே தெரியுமான்னு பாருங்க. இனிமே படம் சொல்லாதத நானும் சொல்ல மாட்டேன். புடிக்கலன்னா போய்க்கினே இருங்க."

போனார்கள். இரண்டே நாளில் நாலாயிரம் பேர் போனார்கள். 'அப்ப இவ்ளோ நாளா ஏமாத்திக்கினு இருந்தியா' என்று கேட்டார்கள். அழுததைத் திருப்பிக் கொடு என்று துபாய்க்காரர் எழுதினார். செல்வகுமார் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "போறவங்க போவட்டும், கேக்கறவங்க கேப்பாங்க," என்று சொல்லிவிட்டு வேணி அரிசி களைந்தாள். தொண்ணூறாயிரத்தில் நாலாயிரம் போனது அவளை உறுத்தவில்லை. அந்த ஒரு தட்டு மட்டும்தான் உறுத்தியது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரச் சொல்லாமலே ஊருக்குப் போனாள். அப்பா பழுப்பு வேட்டியில்தான் இருந்தார். வெள்ளை வேட்டியைக் கட்டச் சொல்ல அம்மாவுக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. வடை இல்லை, கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும்தான். மூவரும் சாப்பிட உட்காரப் போகிற நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது.

ஏழுமலை நின்றிருந்தார். தனியாக. இரண்டு கையிலும் எவர்சில்வர் தட்டு, மேலே வாழையிலைத் துண்டு போட்டு மூடியிருந்தது. ஒன்பது வருடத்தில் மனிதர் நன்றாக இளைத்திருந்தார்.

"வாங்க," என்றாள் கோவிந்தம்மாள். அப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஏழுமலை தம்பியைப் பார்க்கவில்லை. வேணியைப் பார்த்தார்.

"போன வாரமே கெளம்பினேம்மா. தட்ட எடுத்துனு வாசப்படி எறங்கறேன், எங்க பையன் வல்லரசு போன்ல நீ பேசிக்கினு கீற. மூணு நாளு கண்ணு முன்னாடி செடி காயுதுன்னு. கேக்காம ஒக்காந்திருந்தான்னு. எனக்குக் காலு வரல. அப்படியே உள்ள போயிட்டேன்."

வேணிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. தம்பி மேல் உள்ள கோபத்தில்தான் பெரியப்பா வரவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"அப்புறம் இன்னொண்ணு போட்ட. பீஸ் கட்டை படத்துல இல்லன்னு."

"ஆமாம் பெரியப்பா. படத்துல இல்ல."

"படத்துல இல்ல," என்றார் ஏழுமலை. "எங்கிட்ட இருந்துது."

வாழையிலைத் துண்டை எடுத்தார். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, நாலு பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. பத்திரிகை பறந்துவிடாமல் மேலே வைத்த கனம் மாதிரி, ஒரு வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை. ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது. செம்புக் கம்பி பச்சை பிடித்துக் கிடந்தது. யாரோ அதைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள்.

ஏன் எடுத்தீங்க என்கிற கேள்வி வேணியின் தொண்டைவரை வந்தது. வாரம் தவறாமல் ஆயிரக்கணக்கான பேருக்கு அவள் பதில் சொன்ன கேள்வி அது. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரில் யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். தட்டை வாங்குவதற்கு முன் பீஸ் கட்டையை மட்டும் எடுத்தார். பச்சை பிடித்த கம்பியைக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கனம் போன பத்திரிகை வாசல் காற்றில் படபடக்க, இரண்டு கையையும் நீட்டினார்.